கஷாயத்துக்கு முன்னால் மூச்சை எண்ணுங்கள்: நெஞ்சுச் சளிக்கு வீட்டு மருந்து தொடங்குகிறவர்களுக்கு

ஐப்பசி மழை இறங்கியதும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். புதிதாகக் குடித்தனம் வந்த பிள்ளைகளும் முதல் குழந்தை பெற்ற தாய்மார்களும் அப்போது என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, நெஞ்சுச் சளிக்கு என்ன வைத்துக் கொடுக்கலாம்?" சுக்கு, மிளகு, ஆடாதோடை என்று முன்பெல்லாம் உடனே பட்டியல் போட்டுவிடுவேன். இப்போது பட்டியலுக்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். "மூச்சை எண்ணிப் பார்த்தாயா?"

அதற்குக் காரணம் என் அப்பா. அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது, சர்க்கரையும் உண்டு. இருமல் இருந்தது, காய்ச்சல் பெரிதாக இல்லை. ஐந்து நாள் ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஆறாம் நாள் காலையில் காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தால் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா. ஒன்பது நாள் படுக்கையில் இருந்து மீண்டு வந்தார். கஷாயம் அவரை ஒன்றும் செய்யவில்லை. அதை நம்பி நான் கடத்திய ஐந்து நாள்தான் அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோனது. வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமும் சோர்வுமாகத் தெரியலாம் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

எனவே இந்தக் கட்டுரையில் வரிசை முக்கியம். மேலிருந்து கீழாகவே படியுங்கள்.

எது சளி, எது தொற்று

மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வரைக்கும் இருக்கிற சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. மூச்சுக்குழாய் அழற்சி என்கிற பிராங்கைட்டிஸும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் இதற்குத் தேவைப்படாது. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுத்துக்கொண்டு தானாக அடங்கும். சளி மஞ்சளாக இருந்தாலே பாக்டீரியா என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்குகிறோமே, அது தவறு. வைரஸ் சளியும் மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறும்.

நிமோனியா வேறு. நுரையீரலின் கோடியில் இருக்கிற சிறுசிறு காற்றுப் பைகளில் நீரும் சீழும் கோத்துக்கொள்வது அது. காற்று போய் நிற்க இடமில்லாததால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, உடம்பு அதை ஈடுகட்ட வேகமாக மூச்சு வாங்குகிறது. அஞ்சறைப் பெட்டிச் சாமான் தொண்டையை இதமாக்கும், கெட்டிச் சளியை இளக்கும், தூங்க வைக்கும். காற்றுப் பைக்குள் கோத்த சீழை அது எடுக்காது. காசநோய்க் கிருமியையும் அது கொல்லாது.

முதல் வேலை: ஒரு நிமிடம் எண்ணுவது

கைக்கடிகாரமோ போனோ போதும். நோயாளி அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையை விலக்கி, வயிறும் நெஞ்சும் ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று என்று கணக்கு வையுங்கள். முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது குழந்தைகளிடம் சரிவராது, அவர்கள் மூச்சு சீராக இருக்காது. அழுகிற குழந்தையை எண்ணாதீர்கள், பால் குடித்து அடங்கட்டும்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் போனால் அது வேக மூச்சு. இது உலக சுகாதார நிறுவனம் ஊர் செவிலியர்களுக்கும் கற்றுக்கொடுக்கிற அளவு. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 24ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். 30ஐத் தொட்டால் 108ஐ அழையுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இவற்றில் ஒன்று தெரிந்தால் கஷாயப் பேச்சே வேண்டாம்: மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்கு விடைப்பது, முனகல், குழந்தை பால் குடிக்க மறுப்பது, உதடு நீலம் பாரிப்பது, நெஞ்சில் குத்துகிற வலி, இருமலில் ரத்தம், மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால், வேறு எந்த அறிகுறிக்கும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிற ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடந்தால் எடுத்து பேட்டரி மாற்றுங்கள். நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்து போகாத விரலில் மாட்டி, எண் நிலைக்கிற வரைக்கும் காத்திருங்கள். ஆக்சிஜன் 95க்கு மேல் நல்லது. 94க்குக் கீழே அன்றே மருத்துவர், 90க்குக் கீழே ஆம்புலன்ஸ். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அவரவர் மருத்துவர் சொன்ன எண்தான் கணக்கு.

எல்லாம் சரியாக இருக்கிறதா? இப்போது அடுப்பைப் பற்றவையுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் என்ன வாங்குவது

நிறைய வேண்டாம். சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம், ஓமம், விரலி மஞ்சள், நல்ல தேன். இவ்வளவு போதும். பொடியாக விற்பதை விட முழுசாக வாங்கி வீட்டில் பொடிப்பதே மேல். மஞ்சளில் இது ரொம்ப முக்கியம். பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஈயம் கலந்த லெட் குரோமேட் என்கிற சாயத்தைச் சேர்க்கிற கலப்படம் உண்டு, ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். விரலி மஞ்சளை உடைத்துப் பாருங்கள், வெளியே இருப்பதை விட உள்ளே நிறம் நன்றாக இருக்க வேண்டும். கஸ்தூரி மஞ்சள் பூசுவதற்கு, அதைப் பாலில் போடாதீர்கள்.

சுக்கைத் தோல் சீவித்தான் பயன்படுத்த வேண்டும். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மேலே ஒட்டியிருக்கிற மண்ணும் சுண்ணாம்பும் போகும் என்பதாலும் அது நல்ல பழக்கம்.

ஆடாதோடை

இருமல் மூலிகைகளில் நான் முதலில் வைப்பது இதைத்தான். வேலியோரச் செடி. மாவிலை போல நீண்ட இலை, கசக்கினால் ஒரு பச்சை நெடி, வெள்ளைப் பூவில் ஊதா வரி. ஆடு தொடாது என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். பாடாத நாவும் பாடும் என்று ஊரில் இதைப் பற்றிச் சொல்வது தொண்டையைத் திறந்துவிடுகிற குணத்தால். இதன் இலையில் இருக்கிற வாசிசின் என்கிற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்தை உருவாக்கினார்கள். மருந்துக் கடையில் விற்கிற பல இருமல் சிரப்புகளில் இன்றைக்கும் அதுவோ அதன் வழிவந்த அம்ப்ராக்சாலோ இருக்கிறது. பாட்டி வைத்தியம், ஆங்கில மருந்து என்று நாம் இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசுகிறவை பல நேரம் ஒரே செடியில் தொடங்குகின்றன.

செய்முறை இதுதான். முற்றிய பச்சை இலை இரண்டு எடுத்துக் கழுவி, நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு, பொடியாக நறுக்குங்கள். ஐந்து மிளகு, சுண்டுவிரல் நகம் அளவு சுக்கு இரண்டையும் இடித்துச் சேருங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். மூடி போட வேண்டாம். அரை டம்ளராக வற்றியதும் இறக்கி வடிகட்டுங்கள். காலையில் பாதி, மாலையில் பாதி, சாப்பாட்டுக்குப் பிறகு. மீதம் இருந்தால் கொட்டிவிடுங்கள், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. ரொம்பக் கசக்கும். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ஒரு ஸ்பூன் தேன் விட்டுக்கொள்ளலாம்.

மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். சளி இளகி வெளியே வருகிறதா, ராத்திரி இருமல் குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் இலையைக் கூட்டாதீர்கள், அளவு மிஞ்சினால் குமட்டலும் வாந்தியும் வரும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது, இது கருப்பையைச் சுருங்க வைக்கும். குழந்தைகளுக்கும் நானாகக் கொடுப்பதில்லை, சித்த மருத்துவர் அளவு சொன்னால் மட்டும்.

தூதுவளை ரசம்

மருந்து என்ற நினைப்பே இல்லாமல் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற மருந்து இது. கொடி முழுக்க முள், இலையின் அடியில் கூட. கத்தரிக்கோலால் கிள்ளி எடுங்கள். ஒரு கைப்பிடி இலையை நெய்யில் வதக்கினால் முள் மெத்தென்று ஆகிவிடும். இன்னொரு பக்கம் ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், நாலு பல் பூண்டு இவற்றைக் கொரகொரப்பாக இடியுங்கள். வதக்கிய இலையையும் அதோடு சேர்த்து ஒரு தட்டு தட்டுங்கள். நெல்லிக்காய் அளவுப் புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து, மஞ்சள் தூள், உப்பு போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். இடித்ததைச் சேர்த்து, நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் ரசம் கெட்டது. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி மூடி வையுங்கள்.

காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடக்கிறவர்கள் இந்த ரசத்துக்கு இரண்டு கரண்டி சோறு சாப்பிட்டுவிடுவார்கள். நோயாளிக்கு அதுவே பாதி பலம். சூடான நீராகாரம் உள்ளே போவதும் சளி இளகுவதற்கு உதவும். புளி ஆகாத வயிறு என்றால் புளியை விட்டுவிட்டுத் தக்காளி மட்டும் போடுங்கள்.

மற்றவை

கற்பூரவல்லி: தடித்த இலை இரண்டை அனலில் வாட்டிப் பிழிந்தால் சாறு வரும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அரை ஸ்பூன் சாற்றில் அரை ஸ்பூன் தேன். ஓமத்தில் இருக்கிற தைமால் போன்ற மணப்பொருள்கள் இதிலும் இருப்பதால்தான் இதற்கு ஓமவல்லி என்றும் பெயர்.

சுக்கு மல்லி காபிக்கு எங்கள் வீட்டு அளவு: மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் நாலு. லேசாக வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால் ஒரு மாதம் வரும். கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டிக் குடியுங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், தேனும் அப்படியே. சர்க்கரை நோயாளிகள் இரண்டும் இல்லாமல் குடிக்கட்டும்.

திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி சம அளவு. கால் ஸ்பூன் பொடியைத் தேனில் குழைத்து நக்கலாம். வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு எரியும்.

வறட்டு இருமலுக்கு அதிமதுரம். சிறு துண்டை வாயில் அடக்கிக்கொண்டாலே தொண்டை நனையும். இனிப்பாக இருக்கிறதே என்று வாரக்கணக்கில் சுவைக்காதீர்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தை இறக்கும். பிரஷர், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

தூங்கப் போகும் முன் ஒரு ஸ்பூன் தேன் மட்டும் கொடுத்தாலே பிள்ளைகளின் ராத்திரி இருமல் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019ல் வெளியிட்ட இருமல் வழிகாட்டலிலும் தேன் இருக்கிறது. மஞ்சள் பாலும் கொடுக்கலாம், ஒரு சிட்டிகை மிளகோடு. பால் சளியைக் கூட்டும் என்ற பயம் வேண்டாம். எச்சில் கொஞ்சம் கெட்டியானது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

ஆவி பிடிப்பது

மூக்கடைப்புக்கு இதம். நுரையீரல் தொற்றை இது கழுவிவிடாது. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அசையாத இடத்தில் வைத்து, ஒரு கைப்பிடி நொச்சி இலையும் கொஞ்சம் ஓமமும் போட்டு, முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்து ஐந்து நிமிடம் பிடித்தால் போதும். மடியில் வைத்துக்கொண்டு பிடிக்காதீர்கள். பிள்ளைகளைப் போர்வைக்குள் உட்கார வைக்கவே கூடாது, கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகிற குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்கிற உப்புநீர்ச் சொட்டு மூக்கில் இரண்டு துளி விட்டால் மூக்கடைப்பு விலகும்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் கையை மடக்கிக்கொள்ளுங்கள்

ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளியும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து, கை கால் துவண்டு மூச்சே நிற்கிற அளவுக்குக் கொண்டுபோகலாம். காய்ச்சினாலும் அந்த விதைகள் சாகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, அதற்கு மேல் எந்த உரை மருந்தும் கஷாயமும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். எண்ணெய்க் குளியலின்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது நம் ஊர் வழக்கம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் அதனாலேயே ஒரு வகை நிமோனியா வரும். சங்கில் மருந்தை ஊற்றி, மூக்கைப் பிடித்து விழுங்க வைப்பதும் அப்படியே, புரைக்கேறி நுரையீரலுக்குப் போகும். குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதை நிறுத்திவிட்டு, நல்ல துண்டால் துவட்டுங்கள். கொசுவர்த்தி, ஊதுபத்தி, பீடி சிகரெட் எல்லாமே இருமுகிற வீட்டில் அணைந்திருக்கட்டும். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழே தடவாதீர்கள், விழுங்கினால் வலிப்பு வரும்.

குழந்தைக்குச் செய்யக்கூடிய பெரிய காரியம் தடுப்பூசி. நியூமோகாக்கல் ஊசி ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணையாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள், மூன்றும் விழுந்திருக்கிறதா என்று.

வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள்

மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பைப்பரின் சில மருந்துகளை ரத்தத்தில் அதிகமாகச் சேர வைக்கும். வலிப்பு மருந்தான ஃபெனிட்டாய்ன், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிற தியோஃபிலின் அவற்றில் சேர்த்தி. ரசத்தில் போடுகிற மிளகுக்குப் பயப்பட வேண்டாம், ஸ்பூன் கணக்கில் பொடியாகச் சாப்பிடுவதற்குக் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மஞ்சள், பூண்டு, இஞ்சியை மருந்து அளவுக்குக் கூட்டக் கூடாது. ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறுவது உயிரோடு விளையாடுவது. மூச்சிரைப்புக்கு ஊமத்தை இலையைப் புகைப்பது, எருக்கம்பூவைத் தின்பது என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள், இரண்டும் விஷம். பற்பம், செந்தூரம் என்கிற புடம் போட்ட உலோக, தாது மருந்துகள் பதிவு பெற்ற சித்த மருத்துவர் கையால் மட்டும்.

சித்த மருத்துவரைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவ மருத்துவமனை உண்டு. தாம்பரம் சானடோரியத்திலோ தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், 1928ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. ஒரு வாசலில் இருந்து இன்னொரு வாசலுக்குப் போகத் தயங்காதீர்கள்.

இரண்டு வாரம் தாண்டினால்

இருமல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இரண்டு வாரம் ஆகியும் நிற்கவில்லை என்றாலோ, சாயங்காலம் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை என்று இருந்தாலோ காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிற திட்டமும் இருக்கிறது. சந்தேகம் கேட்க 1800 11 6666. வழக்கமான மருந்து ஆறு மாதம், ஒரு நாளும் விடக் கூடாது. அந்த மாத்திரைகளே ஈரலுக்குப் பாரம் என்பதால், அவற்றைச் சாப்பிடுகிற நாள்களில் முகம் தெரியாத பொடிகளைச் சேர்க்காதீர்கள். தூதுவளை ரசம் சோற்றோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

செடி வைக்க

இதையெல்லாம் படித்து முடித்ததும் செடி வைக்கத் தோன்றினால் நல்ல காலம் இதுதான், மழை நாள். கற்பூரவல்லியில் ஒரு சாண் கிளையை ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, உடைந்த வாளியில் மணல் கலந்த மண் போட்டுச் செருகினால் போதும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும், அதனால் வாளியின் அடியில் நாலு ஓட்டை. ஆடாதோடைக்கு விரல் தடிமன் குச்சி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி சாய்வாக ஊன்றுங்கள். தூதுவளை பழுத்த சிவப்புப் பழத்தின் விதையிலிருந்து வரும். கொடி ஏறுவதற்கு ஒரு கம்பு நட்டு, பிள்ளைகள் ஓடுகிற வழியை விட்டுத் தள்ளி வையுங்கள், முள் நன்றாகவே குத்தும்.